துறை மாறினால் நடையும் மாற வேண்டுமா?

ஆய்வெழுத்து குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்

கேள்வி: வரலாற்றில் முதுகலைப் பட்டம் பெற்ற நான், இப்போது பொதுச் சுகாதாரத் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். என் முதல் இயலைப் படித்த நெறியாளர், “கதை நன்றாக இருக்கிறது, கண்டறிந்தது என்ன என்பதைத்தான் காணோம்” என்று ஓரத்தில் எழுதித் திருப்பிவிட்டார். இதே நடையைத்தான் வரலாற்றுத் துறையில் பாராட்டினார்கள். என் எழுத்தில் என்ன குறை?

பதில்: எழுத்தில் குறை இருப்பதாகத் தோன்றவில்லை. ஆள் மாறியிருக்கிறார், நீங்கள் இன்னும் பழைய வாசகரிடமே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு துறையின் நடை என்பது, அத்துறையின் வாசகர் எதைச் சந்தேகிப்பார், அந்தச் சந்தேகத்தை எதைக் கொண்டு தீர்த்துக்கொள்வார் என்பதிலிருந்து பிறப்பது. இதைப் பிடித்துக்கொண்டால் மற்ற விதிகளில் பெரும்பாலானவை தாமாகவே விளங்கிவிடும்.

உங்கள் இரு துறைகளுக்கும் பொதுவான ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்வோம். 1854-இல் லண்டனில் காலரா பரவியபோது ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் செய்த ஆய்வைப் பற்றி வரலாற்று மாணவர் ஒருவர் ஏறக்குறைய இப்படி எழுதக்கூடும்: “குடிநீர் வழியாகவே காலரா பரவுகிறது என்று ஸ்னோ வாதிட்ட காலத்தில், கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என்ற நம்பிக்கை மருத்துவர்களிடையிலும் சுகாதார அதிகாரிகளிடையிலும் வேரூன்றியிருந்தது, பிராட் தெரு அடிகுழாயின் கைப்பிடி அகற்றப்பட்டதை அவருடைய கருத்துக்குக் கிடைத்த வெற்றியாகப் பிற்காலத்தார் கொண்டாடினாலும், அதற்கு முன்பே நோயின் வேகம் தணியத் தொடங்கியிருந்ததை அவரே குறிப்பிட்டிருக்கிறார்.”

நல்ல வாக்கியம்தான். யார் என்ன நம்பினார்கள், அது எந்த ஆவணத்தில் இருக்கிறது, பிற்காலத்தார் அதை எப்படித் திரித்துக்கொண்டார்கள் என்ற மூன்றையும் ஒரே மூச்சில் பின்னித் தருகிறது. வரலாற்று வாசகர் இதன் அடிக்குறிப்புக்குப் போய், மூல ஆவணம் எது, அதை எழுதியவருக்கு என்ன நோக்கம் இருந்திருக்கும் என்று பார்ப்பார். அவருடைய சந்தேகம் சாட்சியத்தின் நம்பகத்தைப் பற்றியது. ஆகவே சான்றும் விளக்கமும் பிரியாமல் ஒன்றாக நடப்பதுதான் அங்கே நேர்மை.

இதே ஆய்வைத் தொற்றுநோயியல் மாணவர் எழுதினால் தொடக்கமே வேறாக இருக்கும்: “தென் லண்டனின் ஒரே பகுதிகளில் இரு நிறுவனங்கள் குடிநீர் வழங்கின. ஒன்று, நகரின் கழிவு கலக்கும் இடத்தில் தேம்ஸ் நீரை எடுத்தது. மற்றொன்று, நீரெடுக்கும் இடத்தை 1852-இல் ஆற்றின் மேற்பகுதிக்கு மாற்றியிருந்தது. நோய் பரவிய முதல் ஏழு வாரங்களில், முதல் நிறுவனத்தின் நீரைப் பெற்ற வீடுகளில் 10,000 வீடுகளுக்கு 315 இறப்புகளும், இரண்டாவதன் நீரைப் பெற்றவற்றில் 10,000 வீடுகளுக்கு 37 இறப்புகளும் பதிவாயின.” இங்கே ஸ்னோவை யார் எதிர்த்தார்கள் என்ற பேச்சே இல்லை. இந்த வாசகர் கேட்பவை வேறு: இரு நிறுவனங்களின் நீரைப் பெற்ற மக்களும் மற்ற வகைகளில் ஒத்தவர்களா? எந்த வீடு எந்த நிறுவனத்தின் நீரைப் பெற்றது என்பதை எப்படி உறுதி செய்தீர்கள்? எட்டரை மடங்கு வேறுபாட்டுக்கு வேறு விளக்கம் இருக்க முடியாதா? அவருடைய சந்தேகம் ஒப்பீட்டின் நேர்மையைப் பற்றியது. அதனால்தான் செய்த முறையைத் தனியாகவும், கண்ட முடிவுகளைத் தனியாகவும், உங்கள் கருத்தை அவற்றுக்குப் பிறகும் வைக்குமாறு கேட்கிறார். கருத்து எண்ணோடு கலந்து வந்தால், எண்ணைத் தாமே எடை போடும் வாய்ப்பை நீங்கள் பறித்துவிட்டதாக அவருக்குத் தோன்றும்.

அறிமுகம், முறை, முடிவுகள், விவாதம் என்ற நான்கு பகுதி அமைப்பு மருத்துவ இதழ்களில் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைபெற்றதற்கு இதுவே முக்கியமான காரணம். இன்னொரு காரணமும் உண்டு. அத்துறையினர் கட்டுரையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பது அரிது. சுருக்கத்தைப் பார்ப்பார்கள், அட்டவணைக்குத் தாவுவார்கள், ஐயம் எழுந்தால் முறைப் பகுதிக்குத் திரும்புவார்கள். தேடியது தேடிய இடத்தில் கிடைக்க வேண்டும்.

எனவே, அந்த இயலைத் திருத்திக்கொண்டிராமல் புதிதாக எழுதுவதே நல்லது என்பேன். முதலில் உங்கள் முக்கிய அட்டவணையைத் தயாரியுங்கள். அதன் பின், அட்டவணை சொல்வதை மட்டும், “வியப்புக்குரிய வகையில்” போன்ற சொற்கள் இல்லாமல், முடிவுகள் பகுதியாக எழுதுங்கள். கூர்ந்துநோக்கு ஆய்வுகளை, அதாவது ஆய்வாளர் தலையிடாமல் நடப்பதைக் கவனித்துப் பதிவு செய்யும் ஆய்வுகளை, எழுதும்போது குறிப்பிட வேண்டியவை எவை என்று சொல்லும் ஸ்ட்ரோப் என்ற பட்டியல் 2007-இல் வெளியானது, அதில் 22 அம்சங்கள் உள்ளன. உங்கள் ஆய்வு அவ்வகையினது என்றால், அவற்றுள் எவற்றுக்கு உங்கள் கட்டுரையில் விடை இல்லை என்று பாருங்கள். நெறியாளர் கேட்கப்போகும் கேள்விகளில் பாதி அதில் இருக்கும். நீங்கள் வரலாற்றுத் துறையில் கற்ற திறமை வீணாகிவிடாது. பிரச்சினை எப்படி உருவானது என்று சொல்லும் அறிமுகத்திலும், முடிவுகளுக்குப் பொருள் காணும் விவாதத்திலும் அதற்கு நல்ல வேலை இருக்கிறது. உண்மையில், அறிவியல் கட்டுரைகளின் விவாதப் பகுதிகள் பல வறண்டு கிடப்பதற்கு, உங்களைப் போன்றவர்கள் அதிகம் இல்லாததே காரணமோ என்று நான் ஐயுறுவதுண்டு.

கேள்வி: ஆய்வேட்டில் “நான்”, “நாங்கள்” என்ற சொற்கள் வரவே கூடாது என்று எங்களுக்குக் கற்பித்திருக்கிறார்கள். ஆனால் முன்னணி இதழ்களில் அவை தாராளமாக வருகின்றன. எது சரி?

பதில்: தன்மை இடம் வரக் கூடாது என்பது எல்லாத் துறைகளுக்கும் உரிய விதி அன்று. டி.என்.ஏ.வின் அமைப்பை அறிவித்த வாட்சன், கிரிக் ஆகியோரின் கட்டுரை 1953 ஏப்ரல் 25-ஆம் நாள் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. ஒரு பக்கத்துக்குச் சற்றே மிகுந்த அக்கட்டுரையின் முதல் வாக்கியமே, தாங்கள் ஓர் அமைப்பை முன்மொழிய விரும்புவதாகத் தன்மைப் பன்மையில்தான் தொடங்குகிறது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் நடைக் கையேடும், செய்தவர் ஆசிரியரே என்னும்போது தன்மை இடத்தில் எழுதுவதை ஏற்கிறது.

ஆனால் ஒவ்வொரு துறையிலும் அந்த “நாம்” வேறு வேலை செய்கிறது. கணிதத்தில் தனி ஒருவர் எழுதிய கட்டுரையிலும் “இப்போது நாம் இதை நிறுவுவோம்” என்று வரும். அந்தப் பன்மைக்குள் வாசகரும் இருக்கிறார், படிக்குப் படி உடன் நடந்து வருமாறு அவர் அழைக்கப்படுகிறார். மெய்யியலில் “நான் வாதிடுவது இதுதான்” என்ற வாக்கியம் பொறுப்பேற்பு. அதை மறைத்தால், வாதம் யாருடையது, மறுப்பு யாருடையது என்று வாசகர் தடுமாறுவார். களப்பணி செய்யும் மானிடவியலாளர் தம்மை மறைத்துக்கொண்டால் சான்றே குறைபட்டுவிடும்; ஏனெனில் மக்கள் அவரிடம் சொன்னது, அவர் யார் என்பதைப் பொறுத்தும் அமைந்தது. ஆய்வகச் செய்முறையிலோ கரைசலைச் சூடாக்கியது யாருடைய கை என்பது யாருக்கும் வேண்டியதில்லை. யார் செய்தாலும் அதே விளைவு வர வேண்டும் என்பதுதான் அங்கே வாக்குறுதி. ஆகவே “கரைசல் 60 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கப்பட்டது” என்பது அங்கே மிகப் பொருத்தம்.

செயப்பாட்டு வினையில் நான் அஞ்சுவது ஒன்றே ஒன்று. முடிவெடுத்த இடங்களை மறைக்க அது வசதியாகப் பயன்படுகிறது. “மூன்று பங்கேற்பாளர்களின் தரவுகள் நீக்கப்பட்டன” என்று எழுதினால், நீக்கியது யார், எந்த அடிப்படையில், முடிவுகளைப் பார்ப்பதற்கு முன்பா பின்பா என்பவை எல்லாம் ஒரு “பட்டன” என்ற ஈற்றுக்குள் போய் ஒளிந்துகொள்கின்றன. கருவி இயங்கியதைச் செயப்பாட்டு வினையில் எழுதுங்கள். நீங்கள் தேர்ந்ததைத் தன்மையில் எழுதுங்கள். உங்கள் நிறுவனம் தன்மை இடத்தை அடியோடு தடை செய்திருந்தால் விதியை மீற வேண்டாம், “இவ்வாய்வில் பின்வரும் காரணத்தால் நீக்க முடிவு செய்யப்பட்டது” என்று காரணத்தையாவது சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: நான் பொறியாளர். ஒரு சமூகவியலாளருடன் இணைந்து கட்டுரை எழுதுகிறேன். நான் “இது விபத்துகளைக் குறைக்கிறது” என்று எழுதினால், அவர் “குறைக்க உதவியிருக்கக்கூடும்” என்று மாற்றுகிறார். துணிவில்லாத எழுத்தாக எனக்குப் படுகிறது.

பதில்: உங்கள் இருவருக்கும் இடையில் நடப்பது பரவலாக அறியப்பட்ட ஒன்றுதான். பல துறைகளின் ஆய்வுக் கட்டுரைகளை ஒப்பிட்டு ஆராய்ந்த மொழியியலாளர் கென் ஹைலண்ட், தயக்கச் சொற்கள் மெய்யியல், சமூகவியல் போன்ற துறைகளில் அறிவியல், பொறியியல் துறைகளைவிட மிகுதியாக வருவதைக் காட்டியிருக்கிறார். பிறர் கருத்தை எடுத்தாளும் வினைச்சொற்களிலும் இதே வேறுபாடு தெரிகிறது: மெய்யியலில் முன்னோர் “வாதிடுகிறார்கள்”, “கருதுகிறார்கள்”, உயிரியலில் “விவரிக்கிறார்கள்”, “கண்டறிகிறார்கள்”, பொறியியலில் “முன்மொழிகிறார்கள்”, “அறிக்கையிடுகிறார்கள்”. முதல் வகையில் எதிரே இருப்பது ஒரு நிலைப்பாடு, மற்றவற்றில் ஒரு பொருள் அல்லது விளைவு.

இதைத் துணிவு, கோழைத்தனம் என்று பார்க்க வேண்டியதில்லை. நீங்கள் ஆய்வகத்தில் ஒரு தடுப்புக்கருவியைப் பலமுறை இயக்கி, மற்ற எல்லாவற்றையும் மாறாமல் வைத்து அளந்திருந்தால், “நிறுத்தும் தொலைவைக் குறைக்கிறது” என்று நேராகச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அதே கருவி பொருத்தப்பட்ட வண்டிகளில் விபத்துகள் குறைந்ததாகப் பதிவேடுகள் காட்டினால், அக்கருவியை விரும்பி வாங்கியவர்கள் இயல்பிலேயே நிதானமான ஓட்டுநர்களாக இருந்திருக்கலாம். அந்த இடத்தில் உங்கள் நண்பர் சொல்வதே சரி. ஆகவே ஒரே கட்டுரைக்குள் இருவகை வாக்கியங்களும் வரலாம், வர வேண்டும்.

நண்பருக்கும் ஒரு சொல். தயக்கம் எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் தயக்கச் சொல் அமைய வேண்டும். “இக்கருவி சில சூழல்களில் விபத்துகளை ஓரளவு குறைக்க உதவியிருக்கக்கூடும் எனக் கருத இடமுண்டு” என்ற வாக்கியத்தில் ஐந்து கதவுகள் திறந்திருக்கின்றன. எழுதியவர் எந்தக் கதவு வழியாக வெளியேறுவார் என்று தெரியவில்லை. “பதிவேடுகளின்படி, இக்கருவி பொருத்திய வண்டிகளில் விபத்துகள் குறைவு, இதற்குக் கருவியே காரணமா, ஓட்டுநரின் இயல்பு காரணமா என்பதை இத்தரவைக் கொண்டு பிரித்தறிய முடியாது” என்று எழுதினால், உறுதியானது உறுதியாகவும் ஐயம் ஐயமாகவும் நிற்கும். முன்னர்க் குறிப்பிட்ட வாட்சன், கிரிக் கட்டுரையின் இறுதிப் பகுதியிலும் இந்த அளவறிதலைக் காணலாம்: தாங்கள் சொன்ன இணைப்பு முறை, மரபுப் பொருள் படியெடுக்கப்படும் ஒரு வழியைச் சுட்டுவது தங்கள் கவனத்துக்குத் தப்பவில்லை என்று மட்டும் சொல்லி, நிறுவாததை நிறுவியதாகக் கூறாமல் நிறுத்திக்கொள்கிறார்கள்.

கேள்வி: மேற்கோள் காட்டும் முறைகள் ஏன் இத்தனை? எல்லாத் துறையினரும் ஒரே முறையைப் பின்பற்றக் கூடாதா?

பதில்: பின்பற்றினால் தட்டச்சு செய்பவருக்கு நல்லது, படிப்பவருக்கு நல்லதா என்பது ஐயமே. உளவியலில் ஒரு கண்டுபிடிப்பு எவ்வளவு புதியது என்பது உடனே தெரிய வேண்டும். எனவே ஆசிரியர் பெயரும் ஆண்டும் வாக்கியத்துக்குள்ளேயே வருகின்றன. அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கத்தால் இன்று ஏ.பி.ஏ. என்று வழங்கும் அம்முறை, 1929-இல் ஏழு பக்கக் கட்டுரையாகத்தான் தொடங்கியது. இலக்கிய ஆய்வில் ஆண்டைவிடப் பக்க எண் முக்கியம். மேற்கோளைப் புரட்டிப் பார்க்காமல் வாதத்தை ஒப்புக்கொள்ள யாரும் ஆயத்தமாக இல்லை. வரலாற்றாளர் ஓர் ஆவணக் கட்டு, அதன் எண், தேதி, எழுதியவர், பெற்றவர் என எல்லாவற்றையும் தர வேண்டும். அவ்வளவும் அடைப்புக்குறிக்குள் அடங்காது, அடிக்குறிப்பு வேண்டும். அதில் மாற்றுக் கருத்தோடு சிறு சண்டையும் போட்டுக்கொள்ளலாம், அது அத்துறையின் நெடுநாள் சுகம். மருத்துவத்தில் ஒரே வாக்கியத்துக்கு ஆறேழு சான்றுகள் வருவதால் எண் போட்டுவிட்டுப் போகிறார்கள். மருத்துவ இதழாசிரியர்கள் சிலர் 1978-இல் வான்கூவரில் கூடியதன் விளைவாக அம்முறைக்கு அந்த ஊரின் பெயரே நிலைத்துவிட்டது.

சொட்டெரோ போன்ற மென்பொருள்கள் ஒரு முறையிலிருந்து இன்னொரு முறைக்கு நொடியில் மாற்றித் தரும். ஆனால் குறிப்பெடுக்கும்போது நீங்கள் எழுதி வைக்காத பக்க எண்ணை எந்த மென்பொருளும் தராது. உளவியலிலிருந்து இலக்கியத்துக்கு வருபவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கேள்வி: ஒரு நூலைப் பற்றி எழுதும்போது “கூறுகிறார்” என்பதா, “கூறினார்” என்பதா?

பதில்: இலக்கியத்திலும் மெய்யியலிலும் நிகழ்காலம், நூல் இன்றும் திறந்திருக்கிறது, ஆசிரியர் இன்றும் பேசுகிறார். சோதனை அறிவியலில் ஒருவர் செய்த சோதனை முடிந்துபோன நிகழ்வு, எனவே இறந்தகாலம். அதிலிருந்து தெரியவரும் பொதுவுண்மை நிகழ்காலம். வரலாற்றில் ஆவணத்தை எழுதியவருக்கு இறந்தகாலமும், அதைப் பற்றி இன்று எழுதும் ஆய்வாளருக்கு நிகழ்காலமும் கொடுத்தால் இருவரும் கலந்துவிட மாட்டார்கள்.

கேள்வி: இயற்பியலிலிருந்து கணிதத்துக்கு மாறியவன் நான். என் கட்டுரையில் சிக்கலை எப்படி அணுகினேன், எந்த வழிகள் தோற்றன என்றெல்லாம் எழுதியிருந்தேன். மதிப்பீட்டாளர் எல்லாவற்றையும் நீக்கச் சொல்லிவிட்டார்.

பதில்: அவர் கடுமையாக நடந்துகொண்டிருக்கலாம், ஆனால் காரணம் இருக்கிறது. சோதனை இயற்பியலில் நீங்கள் அளந்த வழியே உங்கள் சான்று. கணிதத்தில் நிறுவல் மட்டுமே சான்று. நீங்கள் அதை எப்படிக் கண்டடைந்தீர்கள் என்பதால் அதன் வலிமை கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. ஆகவே வாசகர் முதல் பக்கத்திலேயே தேற்றத்தை எதிர்பார்க்கிறார்; பிறகு வரையறைகள், துணைத்தேற்றங்கள், நிறுவல். நீளம் அங்கே குற்றமன்று. ஃபைட், தாம்ப்சன் ஆகியோர் 1963-இல் வெளியிட்ட நிறுவல் 255 பக்கங்கள் கொண்டது. அவர்கள் நிறுவிய தேற்றமோ, ஒற்றைப்படை வரிசை கொண்ட முடிவுறு குலங்கள் பற்றிய ஒற்றை வரி.

ஆனாலும் எல்லாவற்றையும் நீக்கிவிடாதீர்கள். எளிதாகத் தோன்றும் வழி ஏன் பலிக்காது என்பதை ஓர் எதிர்க்காட்டோடு அறிமுகத்தில் ஒரு பத்தியில் சொன்னால், உங்கள் துணைத்தேற்றம் ஏன் தேவைப்படுகிறது என்று வாசகருக்குப் புரியும். தோற்ற கதையாக இல்லாமல், தேற்றத்தின் எல்லையைக் காட்டும் செய்தியாக அதை எழுதுங்கள். கூடவே, “எளிதில் காணலாம்” என்று நீங்கள் எழுதிய இடங்களை எல்லாம் ஒருமுறை தாளில் செய்து பாருங்கள். பிழைகள் பதுங்குவதற்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

கேள்வி: என் ஆய்வு மொழியியலுக்கும் கணினி அறிவியலுக்கும் இடையில் அமைந்தது. தேர்வாளர்களும் இரு துறையினர். யாருக்காக எழுதுவது?

பதில்: இருவரையும் பாதிப் பாதி நிறைவு செய்ய முயன்றால் இருவருமே குறை சொல்வார்கள். உங்கள் ஆய்வின் மையக் கூற்று எது என்று முதலில் ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். “இந்த நிரல் முந்தைய நிரலைவிடத் துல்லியமாகப் பகுக்கிறது” என்பது மையம் என்றால், அதைச் சந்தேகிக்கப் போகிறவர் கணினி அறிவியலாளர். முந்தைய முறைகளோடு ஒப்பீடும், எந்தக் கூறை நீக்கினால் துல்லியம் எவ்வளவு குறைகிறது என்ற சோதனையும், பிறர் இயக்கிப் பார்க்க நிரலும் தரவும் வேண்டும். “இந்த வினைவடிவம் பொதுவாகக் கருதப்படுவதைவிட வேறுவகையில் இயங்குகிறது” என்பது மையம் என்றால், சந்தேகிப்பவர் மொழியியலாளர். எடுத்துக்காட்டு வாக்கியங்களை எண்ணிட்டு, உருபன்களைப் பிரித்துக் காட்டி, எதிர்ச் சான்றுகளையும் நீங்களே முன்வைக்க வேண்டும், நிரல் கருவியாகப் பின்னால் நின்றால் போதும். ஆய்வேட்டின் எலும்புக்கூட்டை மையக் கூற்றின் துறையிலிருந்து எடுத்துக்கொண்டு, மற்றத் துறையினருக்காகத் தனி இயல் ஒன்றில் அடிப்படைகளை விளக்குங்கள். எந்த மரபைப் பின்பற்றுகிறீர்கள், ஏன் என்பதை அறிமுகத்தில் மூன்று நான்கு வரிகளில் வெளிப்படையாகச் சொல்லிவிடுவதும் நல்லது. சொல்லாமல் விட்டால் அது அறியாமையாகத் தெரியும்.

பழக்கமில்லாத துறையின் நடையைக் கற்க, நடைக் கையேட்டைவிட அத்துறையின் நல்ல இதழ் ஒன்றில் அண்மையில் வந்த சில கட்டுரைகள் அதிகம் உதவும். அவற்றை உள்ளடக்கத்துக்காகப் படிக்காமல், வண்ணப் பேனாவோடு படியுங்கள். ஆசிரியரின் சொந்தக் கூற்று முதன்முதலில் எந்தப் பத்தியில் வருகிறது? முன்னோரைக் குறிப்பிடும்போது எந்த வினைச்சொல் வருகிறது, அவர்களை மறுக்கும்போது எவ்வளவு மறைவாக மறுக்கிறார்கள்? அட்டவணைக்கும் உரைக்கும் என்ன வேலைப் பிரிவினை? குறைகளை ஒப்புக்கொள்ளும் வாக்கியங்கள் எங்கே இருக்கின்றன, அடிக்குறிப்பிலா, விவாதத்தின் நடுவிலா? இவற்றைக் குறித்து முடித்ததும் உங்கள் இயல் ஒன்றையும் அதே பேனாவால் குறித்து, இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். எந்தப் பத்தி இடம் மாற வேண்டும் என்பது பெரும்பாலும் அப்போதே தெரிந்துவிடும். தெரியாத இடங்களை மட்டும் அந்தந்தத் துறைத் தேர்வாளருக்கு நெருக்கமான ஒருவரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.